பருத்தி நகரில் ஒரு மாணவி

மான்செஸ்டர் என்றதும் நம் வீட்டுப் பையன்களுக்கு ஞாபகம் வருவது காற்பந்து. அவர்களுடைய பாட்டன்மார் காலத்தில் அந்தப் பெயர் துணிக்கு உரியதாக இருந்தது. புறக்கோட்டையிலும் கண்டியிலும் புடவைக் கடை வைத்திருந்த நம்மவர்கள் விற்ற சீத்தையிலும் மல்லிலும் பெரும் பகுதி அந்தப் பக்கத்து ஆலைகளில் நெய்து கப்பலில் வந்தது. நான் பிறந்த மருதமுனையோ கைத்தறி ஊர். ஆகவே எங்கள் வீட்டில் மான்செஸ்டர் என்பது பகையாளி ஊரின் பெயர் மாதிரித்தான் சொல்லப்படும். “மான்செஸ்டர்க்காரன்ட துணி வந்துதான் எங்கட தறி விழுந்த” என்பார் எங்கள் உம்மம்மா. அவர் அந்த ஊரை வரைபடத்தில்கூடக் கண்டதில்லை.

அந்த ஊருக்கே நான் முகாமைத்துவத்தில் முதுமாணிப் பட்டம் படிக்கப் போனேன். 2022 செப்டெம்பர் முதல் ஒரு வருடம். அங்கே இத்தகைய கல்வி நிறுவனங்கள் ஒன்றுக்கு மேல் இருக்கின்றன. பிரித்தானியாவில் பட்டப்பின்படிப்புக்கென 1960களில் தொடங்கப்பட்ட முதல் இரண்டு வணிகக் கல்லூரிகளில் ஒன்று இலண்டனில் அமைந்தது, மற்றது இந்த நகரில். நான் படித்த இடம் எது என்பது இந்தக் கட்டுரைக்கு அவசியமில்லை. அங்கே நடந்தவை எந்த ஆங்கில நாட்டிலும் எந்தக் கல்லூரியிலும் நடக்கக் கூடியவைதாம்.

இலண்டனிலிருந்து ரயிலில் இரண்டு மணித்தியாலம் சொச்சம். சிவப்புச் செங்கல் கட்டடங்கள், கால்வாய்கள், மழை. நமது மாரி மழை போல் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும் மழையல்ல. குடை பிடிப்பதா வேண்டாமா என்று யோசிக்க வைக்கும் தூறல், அதுவும் நாள் முழுக்க. பஞ்சுக்கு அந்த ஈரக் காற்று நல்லதாம், நூல் அறாது என்று சொல்வார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ‘பருத்தி நகரம்’ என்றே இந்த ஊருக்குப் பட்டப்பெயர் இருந்தது. அன்கோட்ஸ் என்ற பகுதியில் ஆறேழு மாடி ஆலைகள் இன்றும் வரிசையாக நிற்கின்றன. உள்ளே இயந்திரம் இல்லை, அடுக்குமாடி வீடுகள். நகர மையத்தில் ரோயல் எக்ஸ்சேஞ்ச் என்றொரு பிரமாண்டமான மண்டபம். உலகத்துப் பருத்தி வியாபாரிகள் கூடி நின்று விலை பேசிய இடம். 1968இல் வியாபாரம் நின்றது. 1976 முதல் அது நாடக அரங்கு. ஆனால் உயரத்தில் இருக்கும் விலைப் பலகையைக் கழற்றவில்லை. கடைசி நாள் விலைகள் அப்படியே இருக்கின்றன. இதை உம்மம்மாவுக்குப் போனில் சொன்னேன். “அவனுகளுக்கும் விழுந்துட்டா?” என்று கேட்டார். சந்தோசப்பட்டாரா கவலைப்பட்டாரா என்று தெரியவில்லை.

நான் போன வருடம் நம் நாடு பட்ட பாடு வாசகிகளுக்குத் தெரியும். ஒரு பவுணுக்கு 400 ரூபாவுக்கு மேல். சொந்தக் காசில் போவதை நினைத்தும் பார்க்க முடியாது. ஒரு புலமைப்பரிசில் கிடைத்தபடியால் போனேன். ஆறு வயது மகளை உம்மாவிடமும் அவளுடைய வாப்பாவிடமும் விட்டுவிட்டுப் போனேன். “பொம்புளப் புள்ளய உட்டுட்டுப் போறாவே” என்று ஊரில் கதைத்தார்கள்தான். அந்தக் கதைகளுக்கு மாமி, என் கணவரின் தாயார், வாசலில் நின்று பதில் சொன்னார். அதை இன்னொரு நாள் எழுதலாம்.

ஆங்கிலம் எனக்குத் தெரியாத மொழியல்ல. உயர்தரம் வரை தமிழ் மொழிமூலம் படித்தேன். பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் பரீட்சை எழுதினேன். பிறகு வங்கியில் ஏழு வருடம் ஆங்கிலத்தில் கடிதமும் அறிக்கையும் எழுதினேன். ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சையிலும் கேட்ட புள்ளி கிடைத்தது. அந்தப் பரீட்சையில் பேச்சுப் பகுதி ஒன்று உண்டு. ஒரு அட்டையைக் கையில் தருவார்கள். யோசிக்க ஒரு நிமிடம் தருவார்கள். பிறகு இரண்டு நிமிடம் வரை நீங்கள் பேசலாம், யாரும் குறுக்கிட மாட்டார்கள்.

வகுப்பில் அந்த ஒரு நிமிடத்தை யாரும் தருவதில்லை. எல்லா வித்தியாசமும் அதில்தான் இருக்கிறது.

வணிகக் கல்லூரி வகுப்பறை லாடத்தின் வடிவில் படிப்படியாக உயர்ந்து செல்லும். ஒவ்வொருவர் முன்னாலும் பெயர் எழுதிய அட்டை இருக்கும். விரிவுரையாளர் நடுவில் நிற்பார். பெரும்பாலான நாட்களில் அவர் பாடம் சொல்லித் தருவதில்லை. அமெரிக்காவில் ஹார்வர்ட் வணிகக் கல்லூரி 1920களில் ஊன்றிய முறை இது. ஒரு கம்பனியின் உண்மைக் கதையைப் பதினைந்து இருபது பக்கத்தில் எழுதித் தருவார்கள், ‘கேஸ்’ என்று பெயர். முதல் நாள் இரவே வாசித்துவிட்டு வரவேண்டும். வகுப்பில் “நீங்கள் அந்த முகாமையாளராக இருந்தால் என்ன செய்வீர்கள்?” என்ற கேள்வியோடு ஆரம்பிப்பார். அதன்பின் மாணவர்கள்தான் பேசவேண்டும். பேசுவதற்குப் புள்ளியும் உண்டு.

நமது பள்ளிக்கூடங்களில் நல்ல பிள்ளை என்றால் பேசாத பிள்ளை. பெண் பிள்ளை என்றால் இன்னும் கொஞ்சம் பேசாத பிள்ளை. சேர் கேட்டால் எழும்பி நின்று சொல்ல வேண்டும், கேட்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும். அப்படி வளர்ந்தவளை லாடத்தின் நடுவில் இருத்தினால் எப்படி இருக்கும்? ஆனால் கூச்சம்தான் காரணம் என்று சொல்வது முழு உண்மையல்ல. வங்கியில் கோபக்கார வாடிக்கையாளர்களைச் சமாளித்தவள் நான். விடயம் வேறு. ஒருவர் சொன்னதைக் காதில் வாங்கி, புரிந்து, என் கருத்தைத் தமிழில் நினைத்து, அதை ஆங்கிலத்தில் அடுக்கி, வினைச்சொல் சரிதானா என்று பார்த்து, கையைத் தூக்குவதற்குள் பேச்சு இரண்டு பேரைத் தாண்டி வேறொரு கேள்விக்குப் போய்விடும். பஸ் தரிப்புக்கு நாம் ஓடிவரும் நேரத்தில் பஸ் அடுத்த தரிப்பில் நிற்கும்.

இதில் மனதை உறுத்தும் சங்கதி ஒன்றிருக்கிறது. இரண்டாம் மொழியில் வாழ்கிறவர் தன் அளவை விடச் சிறிய ஆளாகிவிடுகிறார். ஊரில் நான் கொஞ்சம் பகிடிக்காரி. கலியாண வீட்டில் என்னைச் சுற்றி நாலு பேர் இருப்பார்கள். அங்கே முதல் மூன்று மாதம் நான் ஒரு பகிடியும் விடவில்லை. பகிடிக்கு வேகம் வேண்டும். மெதுவாகப் பேசுகிறவரை மெதுவாக யோசிக்கிறவர் என்று மற்றவர்கள் நினைத்துவிடுகிறார்கள், கெட்ட எண்ணத்தோடு அல்ல. அவர்கள் உரத்து, சொற்களை நிறுத்தி நிறுத்தி, சிறு பிள்ளைக்குச் சொல்வது போல் சொல்லத் தொடங்கும்போதுதான் நம்மை எப்படி நினைக்கிறார்கள் என்பது நமக்கே விளங்கும். என் பக்கத்தில் ஒரு ஜப்பானியர் இருப்பார். தன் நாட்டில் பெரிய தொழிற்சாலையில் அறுபது பேருக்கு மேலாளராக இருந்தவர். அவரிடமும் அப்படித்தான் பேசினார்கள். அவர் தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருப்பார். நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம். அதற்கு மொழி தேவைப்படவில்லை.

வெளியே ஊர்ப் பேச்சு இன்னொரு பாடம். நாம் படித்த ஆங்கிலத்தை வானொலியில்தான் பேசுகிறார்கள் போலிருக்கிறது. மான்செஸ்டர் மக்கள் பேச்சில் சொல் பாதி விழுங்கப்படும், ஆனால் மனசு பெரிது. பஸ் சாரதியும் கடைக்கார அம்மாவும் முன்பின் தெரியாத என்னை ‘லவ்’ என்று அழைப்பார்கள். முதலில் திடுக்கிட வைத்தாலும், நம்மூரில் கடைக்காரர் “வாங்க மகள்” என்று சொல்வது போலத்தான் அது. நன்றிக்கு ‘ரா’ என்பார்கள். “யூ ஓல்ரைட்?” என்று கேட்டால் அது வெறும் சலாம் மாதிரி, சுகநலம் விபரமாகச் சொல்லத் தேவையில்லை. அங்கே பலருக்கு ‘டீ’ என்றால் இராச் சாப்பாடு. டீக்கு வாருங்கள் என்று அழைத்தால் ஒரு கோப்பைத் தேநீர்தானே என்று சாப்பிட்டுவிட்டுப் போகக் கூடாது. ‘ஹாஃப் சிக்ஸ்’ என்றால் ஆறரை மணி, ஐந்தரையல்ல.

வகுப்பறையில் வேறொரு வகை மறைபொருள். ‘குவைட் குட்’ என்று உங்கள் கட்டுரையின் ஓரத்தில் எழுதியிருந்தால் சந்தோசப்பட அவசரப்பட வேண்டாம், ‘பரவாயில்லை’ என்ற அளவுதான். ‘இன்ரெஸ்ரிங்’ என்றால் உடன்பாடில்லை என்பதாக இருக்கலாம். ‘வித் ரெஸ்பெக்ட்’ என்று ஆரம்பித்தால் அடுத்து வருவது மரியாதையாக இருக்காது. இதையெல்லாம் கேட்டுச் சிரிக்கிறவர்கள் நம் சம்பந்தப் பேச்சுக்களை நினைத்துப் பாருங்கள். “யோசிச்சிச் சொல்றோம்” என்றால் என்ன அர்த்தம் என்று ஒரு வெள்ளைக்காரிக்கு யார் சொல்லிக் கொடுப்பது?

நாட்கள் குறுகிய விதத்தையும் சொல்ல வேண்டும். டிசம்பரில் காலை எட்டேகாலுக்குப் பிறகுதான் சூரியன் எட்டிப் பார்க்கும், பிற்பகல் நாலு மணிக்குள் மறைந்துவிடும். ளுஹர், அஸர், மஃரிப் மூன்றும் நான்கு மணித்தியாலத்துக்குள் வந்து நிற்கும், வகுப்பும் அதே நேரம்தான். பல்கலைக்கழகங்களில் தொழுகைக்கு அறை உண்டு, இடைவேளையில் ஓடிப்போய்த் தொழுதுவிட்டு வருவோம். மலேசியா, நைஜீரியா, சோமாலியா, பொஸ்னியா என்று பல நாட்டுப் பெண்களை அங்கே பழகினேன். வகுப்பில் வராத ஆங்கிலம் அந்த அறையின் சப்பாத்து வைக்கும் இடத்தில் எனக்குச் சரளமாக வந்தது. எல்லோருக்கும் அது இரண்டாம் மொழி. யாரும் யாருடைய வினைச்சொல்லையும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. அதன் காரணத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. பல்கலைக்கழகத்துக்குத் தெற்கே ரஷோம் என்ற பகுதியில் ஹலால் கடைகள் வரிசையாக உண்டு. ஒரு காலத்தில் பாகிஸ்தான், பங்களாதேஷ் சாப்பாட்டுக் கடைகளாலேயே நிறைந்து ‘கறி மைல்’ என்று பெயரெடுத்த தெரு. இப்போது சிரியா, ஈராக் நாட்டுக் கடைகளும் கலந்திருக்கின்றன. தேங்காய்ப்பூச் சம்பலுக்கு வழியிருந்தது. மாசிக் கருவாடு மட்டும் ஊரிலிருந்து கொண்டுபோனது.

மகளோடு பேசும் நேரம்தான் எனக்குப் பெரிய கணக்கு. பின்னேர வகுப்பு இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை. மூன்றரைக்குப் பதினைந்து நிமிட இடைவேளை. நான் போன புதிதில் அது ஊரில் இரவு எட்டு மணி. பிள்ளை விழித்திருப்பாள். ஒக்டோபர் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னே தள்ளுவார்கள். அதன்பின் அதே மூன்றரை ஊரில் ஒன்பது மணி. பாதி நித்திரையில் ஒரு முகத்தை உம்மா போனின் முன்னால் பிடித்துக்கொண்டிருப்பா. சில நாட்களில் அவள் கண் மூடியே “உம்மா” என்பாள், அவ்வளவுதான். மணி அடித்ததும் நான் உள்ளே போய் ஏதோ ஒரு நாட்டு மோட்டார் கம்பனியின் இலாப நட்டத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல வேண்டும். மார்ச் கடைசியில் கடிகாரம் மறுபடி முன்னே போனது. 2023இல் அது நோன்பு தொடங்கி நாலாம் நாள் வந்தபடியால், நோன்பு திறக்கும் நேரம் ஓரிரவில் ஆறரையிலிருந்து ஏழரைக்குத் தாவியது. எல்லோரும் முறைப்பட்டார்கள். எனக்கு மட்டும் சந்தோசம். பிள்ளை மீண்டும் எட்டு மணிக்குக் கிடைத்தாள்.

குழு வேலை என்பது அங்கே படிப்பின் பாதி. ஐந்தாறு பேரைச் சேர்த்துவிட்டு ஒரே அறிக்கை, ஒரே புள்ளி என்பார்கள். அதில் மெல்ல ஒரு வழக்கம் உருவாகும். ஆங்கிலம் தாய்மொழியானவர் எழுதுவார், அவரே மேடையில் பேசுவார். மற்றவர்களுக்குக் கணக்கு, அட்டவணை, படம். அன்போடுதான் சொல்வார்கள், “நீங்கள் கணக்கில் கெட்டிக்காரி அல்லவா” என்று. கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் ஒரு வருடம் முடியும்போது எழுதியவர் இன்னும் நன்றாக எழுதுவார், பேசியவர் இன்னும் நன்றாகப் பேசுவார், நமக்கு அட்டவணை மட்டும் மிஞ்சும். நம் பெண் பிள்ளைகள் வெளிநாட்டுக்குப் படிக்கப் போவதாக இருந்தால் இதை முதல் கிழமையிலேயே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் குழுவில் நானும் அந்த ஜப்பானியரும் இரண்டு கேட்டோம். பேச இருக்கும் விடயங்களை முதல் நாளே எழுத்தில் தரவேண்டும். அறிக்கையின் பகுதிகளை ஒவ்வொரு முறையும் மாற்றி எடுக்க வேண்டும். யாரும் மறுக்கவில்லை. அதுவரை யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

புள்ளிகளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், பெற்றோர் பயப்படாமல் இருக்க. பிரித்தானியாவில் முதுமாணிப் படிப்புக்கு 50 எடுத்தால் சித்தி. 60 நல்ல தரம், 70 அதிவிசேடம். நம் நாட்டில் எண்பது தொண்ணூறு எடுத்துப் பழகிய பிள்ளை 62ஐப் பார்த்துவிட்டு அழுதால், அது நல்ல புள்ளி என்று எடுத்துச் சொல்லுங்கள். கட்டுரை எழுதும் முறையும் வேறு. நாம் முகமன் கூறி, பின்னணி சொல்லி, சுற்றி வந்து கடைசியில் விடயத்தை வைப்போம். அங்கே முதல் பந்தியிலேயே முடிவைச் சொல்ல வேண்டும். ஆசிரியர் எழுதிய நூலையே ‘இந்த இடத்தில் இவர் சொல்வது போதாது’ என்று எழுதினால் அதற்குப் புள்ளி கூடும்! பேராசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு அந்த ஒன்று மட்டும் கடைசி வரை வாயில் வரவில்லை. பெயரே சொல்லாமல் “எக்ஸ்கியூஸ் மீ” என்றே ஒரு வருடத்தை ஓட்டினேன்.

பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, தொழுகை அறையில் பழக்கமான மலேசியச் சகோதரியோடு குவாரி பேங்க் மில் பார்க்கப் போனேன். நகருக்குத் தெற்கே, விமான நிலையத்துக்குக் கிட்ட, ஸ்டயல் என்ற கிராமத்தில் பொலின் ஆற்றங்கரையில் இருக்கிறது. 1784இல் சாமுவேல் கிரெக் என்பவர் கட்டிய பருத்தி ஆலை, இப்போது அரும்பொருட் காட்சியகம். ஆற்று நீர் பிரமாண்டமான சக்கரத்தைச் சுழற்ற அந்த விசையில் ஆலை ஓடியது. பக்கத்தில் 1790இல் கட்டிய ஒரு வீடு, அநாதைச் சிறுவர் சிறுமியரைக் கொண்டுவந்து தங்கவைத்து வேலை வாங்கிய இடம். ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகள். கூலி என்று பெரிதாக ஒன்றுமில்லை, சாப்பாடும் படுக்கையும். ஒரே கட்டிலில் இரண்டு பேர். எங்கள் தறியை விழுத்தியவர்களாக நான் கேட்டு வளர்ந்தது இந்தப் பிள்ளைகளைத்தானா என்று ஒரு நினைப்பு வந்தது. நெடுநேரம் அந்த அறையில் நின்றேன்.

ஆலைக்குள் ஒரு பெண் கைத்தறியில் நெய்து காட்டிக்கொண்டிருந்தார். பார்த்தவுடன் எனக்கு அது என்னவென்று தெரியும், எங்கள் வீட்டில் சாய்ப்புக்குள் இருந்ததற்குத் தூரத்து உறவு. 2004 சுனாமியில் எங்கள் தறிகள் இரண்டும் போகும் வரைக்கும் அந்தச் சத்தத்தில்தான் நான் பாடம் படித்தேன். கயிற்றை இழுத்தால் நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் பாயும். அந்தப் பாயும் நாடாவைக் கண்டுபிடித்தவர் மான்செஸ்டருக்கு வடக்கே பெரி என்ற ஊர்க்காரர், ஜோன் கே, 1733இல் என்றார் அந்தப் பெண். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வீட்டுச் சாய்ப்புக்குள் ஓடிய அதே நாடா, நான் தங்கியிருந்த அறையிலிருந்து ட்ராமில் ஒரு மணித்தியாலத் தொலைவிலுள்ள ஊரில் பிறந்தது!

அவரிடம் கேட்க என்னிடம் நூறு கேள்விகள். கஞ்சிப் பசைக்கு என்ன போடுவீர்கள், பாவு அறுந்தால் எப்படி முடிவீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை முழம் என்று. பாவுக்கும் ஊடைக்கும் எனக்கு ஆங்கிலச் சொல் தெரியாது. ஏழு வருட வங்கி ஆங்கிலத்தில் அந்த இரண்டும் ஒரு நாளும் வந்ததில்லை. விரலால் நூலைக் காட்டிக் கேட்டேன். ‘வார்ப்’, ‘வெஃப்ட்’ என்று சொல்லித் தந்தார். நான் எங்கள் சொற்களைச் சொன்னேன். அவர் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். அரை மணித்தியாலம் பேசியிருப்போம். வெளியே வந்தபோது மலேசியச் சகோதரி, “நீ இவ்வளவு பேசுவாய் என்று எனக்குத் தெரியாதே” என்றாள். வினைச்சொற்கள் சரியாக இருந்தனவா என்று நான் பார்க்கவே இல்லை.

இரண்டு கிழமைக்குப் பின் நிதி முகாமைத்துவ வகுப்பில் ஓர் ஐரோப்பிய ஆடைக் கம்பனியின் கேஸ் வந்தது. துணி தருபவர்களுக்கு 90 நாள் கழித்துத்தான் காசு கொடுப்பது அந்தக் கம்பனியின் வழக்கம். இதனால் அதன் கையில் எப்போதும் பணம் இருக்கும், வட்டி மிச்சம், கெட்டிக்காரத்தனம் என்று வகுப்பு பாராட்டிக்கொண்டு போனது. நான் முதல் நாள் இரவே நாலு வரி எழுதி வைத்திருந்தேன். பேச்சு சூடுபிடிக்கும் முன்னரே, முதல் பத்து நிமிடத்துக்குள் கையைத் தூக்கிவிட வேண்டும் என்பதை அதற்குள் அனுபவத்தில் கண்டிருந்தேன். சங்கிலியின் மறு நுனியில் என் ஊர் இருக்கிறது என்று தொடங்கினேன். எங்கள் வாப்பாவுக்கு நூல் கடை முதலாளி நூலைக் கடனுக்குத் தருவார். நெய்த சாரியை அவரிடமே கொடுக்க வேண்டும், விலையை அவர்தான் தீர்மானிப்பார். நூல் கடன் கழிந்து மீதி கையில் வர இரண்டு மாதமும் ஆகும், மூன்று மாதமும் ஆகும். இந்தக் கம்பனி மிச்சம் பிடிக்கும் வட்டியை உண்மையில் கொடுப்பவர் கடைசியில் இருக்கும் நெசவாளர். அந்தச் செலவு இந்த அறிக்கையில் எந்தப் பக்கத்திலும் இல்லை என்றேன்.

விரிவுரையாளர் பலகையில் ஒரு நீண்ட சங்கிலி வரைந்து, கடைசி வளையத்தில் ‘மருதமுனை’ என்று எழுதினார். எழுத்துக்களை நான் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டியிருந்தது. மிச்சமிருந்த நேரம் முழுக்க வகுப்பு அதைப் பற்றித்தான் பேசியது. என் கருத்துக்கு எதிராகவும் நாலைந்து பேர் பேசினார்கள், கொலம்பியாக்காரர் ஒருவர் மிகக் காரசாரமாக. சிறுபிள்ளைக்குச் சொல்வது போல் அன்று யாரும் சொல்லவில்லை.

அதோடு எல்லாம் மாறிவிட்டது என்று எழுதினால் பொய். பங்குச் சந்தைப் பாடத்தில் நான் கடைசி வரை பெரும்பாலும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். மாலை நேர அறிமுகக் கூட்டங்களும் எனக்கு ஒத்துவரவில்லை. வேலை தரும் கம்பனிகளின் ஆட்கள் வருவார்கள், கையில் மதுக்கிண்ணத்தோடு நின்றபடி பேசுவார்கள். தோடம்பழச் சாற்றோடு அரை மணித்தியாலம் நின்று, பேச வேண்டிய இரண்டு பேரிடம் பேசிவிட்டுப் புறப்பட்டுவிடுவேன். மார்பில் கை வைத்துத் தலை சாய்த்தால் கைலாகு கொடுக்காததை யாரும் குறையாக எடுப்பதில்லை. இதற்குப் பயந்து பிள்ளைகளை மறிப்பவர்கள் மறிக்கத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

போக நினைக்கும் சகோதரிகள் கவனிக்க வேண்டிய மாற்றம் ஒன்று உண்டு. நான் போன காலத்தில் முதுமாணி மாணவர் விரும்பினால் கணவரையும் பிள்ளையையும் விசாவில் கூட்டிப்போகலாம். செலவுக்குப் பயந்துதான் நாங்கள் அப்படிச் செய்யவில்லை. 2024 ஜனவரி முதல் வகுப்பறைப் படிப்பாக அமைந்த முதுமாணிக் கற்கைகளுக்கு அந்த வசதி பொதுவாக இல்லை, ஆராய்ச்சிப் பட்டங்களுக்கே உண்டு. அதாவது சிறு பிள்ளை உள்ள தாய் தனியாகத்தான் போக வேண்டும். பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிப்பவர்கள் படிப்பு முடிந்ததும் இரண்டு வருடம் தன் நாட்டில் இருக்க ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதையும் அறிந்திருப்பது நல்லது.

கடைசி மூன்று மாதம் ஆய்வுக் கட்டுரை. நான் எடுத்தது நூல் கடன். மருதமுனையில் பதினாறு வீடுகளில் தொலைபேசியில் பேசினேன், எல்லாம் தமிழில். அவற்றை ஆங்கிலமாக்கும்போது ‘கைமாத்து’ என்ற சொல்லில் முட்டிக்கொண்டேன். கடன் என்றால் வட்டியும் தவணையும் வந்துவிடும். கைமாத்தில் இரண்டும் இல்லை, முகம்தான் உத்தரவாதம். மேற்பார்வையாளரிடம் கேட்டேன். தமிழ்ச் சொல்லையே வைத்துவிட்டு ஒரு பந்தி விளக்கம் எழுதுங்கள் என்றார். அப்படி ஒன்பது சொற்கள் அந்தக் கட்டுரைக்குள் தமிழாகவே இருக்கின்றன.

2023 செப்டெம்பரில் திரும்பி வந்தேன். என்னோடு பேசிய பதினாறு வீட்டாரில் ஒருவர், என் வாப்பாவோடு சேர்ந்து நெய்தவர், வந்து கேட்டார்: “எங்களப் பத்தி இங்கிலீசில எழுதி வெச்சிருக்கியாம். எங்களுக்கு அது எப்பிடித் தெரியும் மகள்?” இப்போது அதைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். நினைத்ததை விட நேரம் எடுக்கிறது. ‘வேர்க்கிங் கெபிட்டல்’ என்பதற்குப் பாடப்புத்தகம் ‘தொழிற்படு மூலதனம்’ என்று சொல்கிறது. அவரிடம் அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தேன், முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார். விளக்கிச் சொன்னதும், “ஓ, நூலுக்குள்ள கிடக்குற காசு” என்றார். முதலாம் அத்தியாயத்தில் அதைத்தான் போட்டிருக்கிறேன். இன்னும் நாலு அத்தியாயம் கிடக்கிறது.